காலம் நகராத பொய்ரோ

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்கள் தொலைக்காட்சிக்கு வந்தபோது என்ன மாறியது என்று கேட்டால், திருத்தப்பட்ட முடிவுகளையும் புதிதாக நுழைந்த பாத்திரங்களையும்தான் வாசகர்கள் முதலில் சொல்வார்கள். பிரிட்டனின் ஐடிவி டேவிட் சூஷேயை ஹெர்க்யூல் பொய்ரோவாக்கி 1989 முதல் 2013 வரை ஒளிபரப்பிய 70 அத்தியாயங்களில் இவற்றுக்குக் குறைவில்லை. 33 பொய்ரோ நாவல்களில் அவருடைய நண்பர் ஹேஸ்டிங்ஸ் வருவது எட்டில்தான். தொடரின் முற்பகுதியிலோ அவரும் காவல் ஆய்வாளர் ஜாப்பும் செயலாளர் மிஸ் லெமனும் பொய்ரோவின் குடும்பம் போலவே ஆகிவிடுகிறார்கள். ஆனாலும் கதையின் உயிரைத் தொட்ட மாற்றம் இதுவல்ல. ஏறக்குறைய எல்லாக் கதைகளையும் 1930களுக்குள் அடைத்ததுதான் தொடர் செய்த பெரிய மாற்றம்.

புத்தகங்களில் பொய்ரோ முதல் உலகப் போரில் பெல்ஜியத்திலிருந்து வந்த அகதியாக அறிமுகமாகிறார். 1972இல் வெளியான நாவலிலும் துப்பறிந்துகொண்டிருக்கிறார். கிறிஸ்டி எழுதிய இங்கிலாந்து அவரோடு சேர்ந்தே மாறுகிறது. பெரிய வீடுகளில் வேலைக்காரர்கள் குறைகிறார்கள், ரேஷன் வருகிறது, வரி ஏறுகிறது, 1966இல் வந்த 'தேர்ட் கேர்ள்' நாவலில் நீளமுடி இளைஞர்களும் போதை மருந்தும் வந்துவிடுகின்றன. தொடரில் பொய்ரோவின் குடியிருப்பாகக் காட்டப்படுவது லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் 1936இல் கட்டப்பட்ட ஃபுளோரின் கோர்ட். அலைபோல் வளைந்த அதன் முகப்பும் வரிசை பிசகாத ஜன்னல்களும், ஒழுங்கில் பித்துக்கொண்ட அந்த மனிதருக்கென்றே அமைந்தவை. கலை இயக்கமாகப் பார்த்தால் அருமையான தேர்வு. அந்த அழகுதான் தொடரின் எல்லையாகவும் ஆனது.

1948இல் வந்த 'டேக்கன் அட் தி ஃப்ளட்' நாவலில் ஒரு பணக்காரர் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சாகிறார். அவரை நம்பியே வாழ்ந்த உறவினர்கள், போருக்குப் பிந்தைய வரிச்சுமையில், சொத்து முழுவதும் இளம் விதவைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போர் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருக்கிறது என்பதே நாவலின் சாரம். 1930களில் குண்டுவீச்சுக்கு இடமேது? ஆகவே தொடரின் 2006ஆம் ஆண்டுப் படத்தில் வீடு வெடிப்பது ஒருவனின் சதியாகிவிடுகிறது. போர் தந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்ட சாதாரண மனிதர்களின் கதை, ஓர் அரக்கனின் கதையாகச் சுருங்குகிறது. 1955ஆம் ஆண்டு நாவலான 'ஹிக்கரி டிக்கரி டாக்' இன்னும் வருத்தம் தருவது. லண்டன் மாணவர் விடுதி ஒன்றில் ஜமைக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, இந்தியா என்று பல நாட்டு மாணவர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களைக் கிறிஸ்டி தீட்டியதில் அந்தக் காலத்து இனப் பார்வையின் கறை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தொடரோ அவர்களை இல்லாமலே ஆக்கிவிட்டது. பேரரசு கலைந்துகொண்டிருந்த லண்டன் அந்த விடுதியிலிருந்து காணாமல் போனது.

இதற்கு மறுமொழி உண்டு, அது வலுவானதும்கூட. முதல் கதையிலேயே ஓய்வுபெற்ற காவல் அதிகாரியான பொய்ரோ 1960களில் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அவரை அவ்வளவு வயதானவராகத் தொடங்கியது தவறு என்று கிறிஸ்டியே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தொடர் அந்தக் குறையைச் சரிசெய்தது என்பது நியாயமே. ஆசிரியரே தம் கதைகளை மாற்றியவர்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான்: 'தி ஹாலோ'வை 1951இல் நாடகமாக்கியபோது பொய்ரோவையே தூக்கிவிட்டார், 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாடகத்துக்கு வேறு முடிவு எழுதினார். ஆனால் ஆளையும் முடிவையும் மேடைக்காக மாற்றியவர், பொய்ரோ நாவல்களில் தம் காலத்தைவிட்டு விலகி நிற்கவில்லை. 1966இல் எழுதினால் 1966ஐப் பற்றி எழுதினார். பொய்ரோவின் வயதைக் கண்டுகொள்ளாமல் விட்டது அதற்காக அவர் கொடுத்த விலை, வாசகர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. பார்வையாளர்கள் மட்டும் ஏற்கமாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் ஏன் அஞ்ச வேண்டும்?

வேறு வழி இருந்தது என்பதற்குத் தொடரே சாட்சி. 1990இல் எடுத்த 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' முதல் உலகப் போரின் நடுவே நிகழ்கிறது. இறுதி அத்தியாயமான 'கர்ட்டன்' இரண்டாம் போருக்குப் பின் அதே ஸ்டைல்ஸ் மாளிகைக்குத் திரும்புகிறது. மாளிகை இப்போது கட்டண விடுதி, பொய்ரோ சக்கர நாற்காலியில் இருக்கும் நோயாளி. அந்த இரண்டிலும் கதையைக் காலம்தான் நகர்த்துகிறது. நடுவே வந்த பிற்கால நாவல்களுக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கலாம்.