வேலி போர்ஜ் பாசறை

கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில் நாம் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளை மனனஞ் செய்தோம்; வென்றவர் பெயரையும் தோற்றவர் பெயரையும் ஒப்புவித்தோம். அப்போர்வீரர் இரவில் எங்கே படுத்தனர், காலையில் எதை உண்டனர் என்று ஆசிரியரை ஒருநாளேனும் கேட்டோமல்லோம். ஒரு படையின் வாழ்வும் தாழ்வும் அவ்வினாக்களுக்குரிய விடையிலே தங்கியிருத்தலும் உண்டு. இதற்கு அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலத்து வேலி போர்ஜ் பாசறை தக்க சான்றாகும்.

1777ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பிரித்தானியர் பிலடெல்பியா நகரைக் கைப்பற்றினர். அந்நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவிலுள்ள வேலி போர்ஜ் என்னுமிடத்தில், டிசெம்பர் 19ஆந் திகதி ஜோர்ஜ் வாஷிங்டன் தம் படையை நிறுத்தினார். வந்தோர் ஏறக்குறைய 12,000 பேர். அத்தனை பேருக்கும் வீடு ஏது? மரங்களை வெட்டி, 16 அடி நீளமும் 14 அடி அகலமுமுள்ள குடில்கள் அமைக்குமாறும், ஒவ்வொன்றிலும் வீரர் 12 பேர் தங்குமாறும் கட்டளை பிறந்தது. ஒவ்வொரு படைப்பிரிவிலும் விரைவாகவும் செம்மையாகவும் கட்டி முடிக்குங் குழுவினருக்கு 12 டொலர் பரிசும் அறிவிக்கப்பட்டது.

விதிப்படி வீரனொருவனுக்கு நாளொன்றுக்கு இறைச்சி ஒரு றாத்தலும் ரொட்டி அல்லது மா ஒரு றாத்தலும் உரியன. ஆனால் ஏட்டிலிருந்த உணவு பாத்திரத்துக்கு வரவில்லை. மாவை வெறும் நீரிற் குழைத்து நெருப்பிற் சுட்ட அடையே பல நாள் அவர்தம் உணவாயிற்று. நாட்டிலே தானியம் இல்லாமலா இந்நிலை நேர்ந்தது? அன்று. வண்டிகள் போதவில்லை, பாதைகள் சேறாயின, கொங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணம் மதிப்பிழந்தமையால், பிரித்தானியரின் நாணயத்துக்கே உழவர் பலர் தம் பொருளை விற்றனர். பொருள்களை ஏற்றியிறக்கும் பகுதிக்குத் தலைவராயிருந்த மிப்ளின் பதவி துறந்தபின், அவ்விடம் மாதக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தது. காலணியும் உடையுமின்றிக் கடமைக்குதவாதிருந்தோர் 2,898 பேர் என டிசெம்பர் 23ஆந் திகதி வாஷிங்டன் கொங்கிரசுக்கு எழுதினார்.

இத்துன்பத்திடையும் அன்றாடக் கருமங்கள் நின்றில. நாட்கட்டளைகள் ஒவ்வொரு பிரிவின் ஏட்டிலும் எழுதப்பட்டன. காவல் மாறியது; விறகும் நீரும் சுமக்கப்பட்டன. வீரரின் மனைவியர் முதலாய பெண்கள் சில நூற்றுவர் துணி வெளுத்தனர், நோயாளரைப் பேணினர்.

1778ஆம் ஆண்டு தொடக்கத்திற் கொங்கிரசின் குழுவொன்று நேரில் வந்து நிலைமையை ஆராய்ந்தது. மார்ச்சில் நத்தானியேல் கிறீன் என்னுந் தளபதி மிப்ளினின் பதவியை ஏற்று வண்டியும் குதிரையும் திரட்டினார், பாதைகளைத் திருத்தினார். பெப்ரவரியில் வந்து சேர்ந்த பிரஷிய நாட்டு வொன் ஸ்ரூபென், ஆங்கிலம் அதிகம் அறியாதவராயினும், வீரருக்கு ஒழுங்கான அணிப்பயிற்சி அளித்தார்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அப்பாசறையின் காலத்தில் ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது பகைவரின் குண்டன்று; நோயே. அவருட் பெரும்பாலோர் இறந்ததும் கடுங்குளிர்க் காலத்திலன்று. மார்ச் முதல் மே வரையான இளவேனிற் காலத்திலேயாம். நெருக்கமும் அழுக்கும் காய்ச்சலையும் வயிற்றுளைவையும் பரப்பின. இறந்த குதிரைகளைப் புதைக்கவும், மலகூடங்களை ஒழுங்குசெய்யவும், அம்மை காணாதோருக்கு அம்மை குத்தவும் பிறந்த கட்டளைகள் போர்க்கட்டளைகளுக்கு எவ்வாற்றானுங் குறைந்தனவல்ல.

யூன் 19ஆந் திகதி பாசறை நீங்கிய படை, 28ஆந் திகதி மொன்மத் களத்திற் பிரித்தானியருக்கு ஈடாக நின்று பொருதது.

வரலாற்றிற் பண்டசாலை அதிகாரியின் பெயரை எவரும் கேட்டதில்லை என்று கிறீன் பின்னொருகால் வாஷிங்டனுக்கு எழுதி மனம் நொந்தார். அக்குறை நியாயமானதே. பதவி ஒன்று ஆளின்றிக் கிடந்ததால் உண்டான பசியையும், அது நிரம்பியபின் உருண்ட வண்டிகளையும் அறிந்த நாம், இனிப் போர்க்கதை கேட்கும்போது வாளேந்தியவனோடு மா அளந்தவனையும் குழி வெட்டியவனையும் நினைவு கூர்வோமாக.