ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடிச் சீரமைப்பு

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடிச் சீரமைப்பு என்பது, அத்தொலைநோக்கியின் முதன்மை ஆடியை ஆக்கும் 18 அறுகோணத் துண்டுகளும் ஒரே ஆடியைப் போன்று செயற்படும் வகையில், அவற்றை விண்வெளியிலேயே நகர்த்திப் பொருத்திய பணியாகும். இப்பணி 2022 பெப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் இறுதி வரை நடைபெற்றது.

தேவை

6.5 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடி ஏவூர்தியின் முனைப்பகுதிக்குள் அடங்காது. எனவே அது பெரிலியத்தாலான, பொன் பூசப்பட்ட துண்டுகளாக வடிவமைக்கப்பட்டு, மடிக்கப்பட்ட நிலையில் 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டது. விண்வெளியில் ஆடி விரிந்த பின்னர், துண்டுகள் ஒவ்வொன்றும் சற்றே வெவ்வேறு திசையை நோக்கியிருந்தன.

அனைத்துத் துண்டுகளையும் ஒரே திசைக்குத் திருப்பினால் மட்டும் போதாது. அவ்வாறு செய்தால் 18 துண்டுகளின் ஒளியும் ஓரிடத்தில் சேரும். ஆனால் படிமத்தின் கூர்மை 1.32 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் துண்டின் கூர்மையாகவே இருக்கும். 6.5 மீட்டர் ஆடிக்குரிய பிரிதிறனைப் பெற, துண்டுகளிலிருந்து வரும் ஒளியலைகள் குவியத்தை ஒரே கட்டத்தில் அடைதல் வேண்டும். ஒரு துண்டு அதன் அயற்துண்டைவிட 100 நானோமீட்டர் பின்தங்கியிருந்தாலும், ஒளி சென்று மீள்வதால் பாதை வேறுபாடு 200 நானோமீட்டர் ஆகிவிடும்.

ஹபிள் தொலைநோக்கியின் ஆடிக் குறையை 1993-இல் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று ஈடுசெய்தனர். புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெப்புக்கு அத்தகைய வாய்ப்பில்லை.

அமைப்பு

ஒவ்வொரு துண்டின் பின்புறமும் அதன் இருப்பிடத்தையும் சாய்வையும் மாற்றும் ஆறு இயக்கிகளும், வளைவாரையை மாற்றும் ஓர் இயக்கியும் உள்ளன. துணை ஆடியின் ஆறையும் சேர்த்து மொத்தம் 132 இயக்கிகள். இவை ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவிலான நுண்ணிய அடிகளாக நகரக்கூடியவை.

அவாயில் உள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கிகளில் 36 துண்டுகளின் விளிம்புகளிலும் உணரிகள் உள்ளன. அவை துண்டுகளின் உயர வேறுபாட்டை இடையறாது அளக்கின்றன. வெப்பில் அவ்வாறான விளிம்பு உணரிகள் இல்லை. ஒரு விண்மீனை நோக்கித் தனது அண்மை அகச்சிவப்புப் படக்கருவியால் எடுத்த படங்களைக் கொண்டே அது தன் பிழையைக் கண்டறிய வேண்டியிருந்தது.

படிமுறை

முதல் இலக்கு பெருங்கரடி விண்மீன் குழாத்திலுள்ள எச்டி 84406 என்னும் தனித்துத் தெரியும் விண்மீன். பெப்ரவரி 2 முதல் அதன் சுற்றுப்புறம் 156 நிலைகளில் ஏறத்தாழ 25 மணிநேரம் படமெடுக்கப்பட்டது. கிடைத்தவை 1,560 படங்கள். 54 கிகாபைட்டு தரவு. இன்று ஒரு சிறிய நினைவகக் குச்சியில் அடங்கிவிடும் அளவுதான். அவற்றில் ஒரே விண்மீன் 18 புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தது. ஒவ்வொரு துண்டையும் சிறிது சாய்த்து எப்புள்ளி நகர்கின்றது என்று பார்த்து, எந்தப் புள்ளி எத்துண்டுக்குரியது என அறிந்தனர். பின்னர் புள்ளிகள் அறுகோண வடிவில் அடுக்கப்பட்டு, தனித்தனியே கூர்மையாக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கப்பட்டன.

அடுத்து வந்த கட்டப் பொருத்தமே கடினமானது. ஒற்றை அலைநீள ஒளியில், பாதை வேறுபாடு சுழியமா அல்லது முழு ஓர் அலைநீளமா என்று பிரித்தறிய இயலாது. ஆகவே 20 துண்டு இணைகளின் ஒளி நிறமாலையாகப் பிரிக்கப்பட்டது. உயர வேறுபாடு இருப்பின் நிறமாலையில் சாய்ந்த பட்டைகள் தோன்றும். சாய்வின் அளவிலிருந்து வேறுபாட்டைக் கணிக்கலாம்.

எஞ்சிய நுண்பிழையைக் காண்பதற்குக் கையாண்ட முறை சற்று வியப்பானது: படக்கருவிக்குள் உள்ள வில்லைகளைக் கொண்டு படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கினர். கூர்மையான படிமத்தில் ஒளி முழுவதும் ஒரு புள்ளியில் ஒடுங்கிவிடுவதால் பிழை எங்குள்ளது என்பது மறைந்துவிடுகின்றது. மங்கிய படிமத்தில் அது பரந்து தெரிகின்றது. கணினி ஓர் அலைமுகப்பை ஊகித்து, அது தரக்கூடிய மங்கலைக் கணித்து, உண்மைப் படத்துடன் ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்துகின்றது. வேறுபாடு போதிய அளவு குறையும் வரை இச்சுழற்சி தொடர்கின்றது.

இந்நிலை மார்ச் 11 அன்று நிறைவுற்றது. அப்போது வெளியான சோதனைப் படத்தில், இலக்கு விண்மீனின் பின்னணியில் தொலைவிலுள்ள விண்மீன் பேரடைகளும் தெரிந்தன. பின்னர் ஏனைய கருவிகளின் பார்வைப்புலங்களுக்கும் சீரமைப்பு விரிவாக்கப்பட்டது. 7 கெல்வினுக்குக் கீழே குளிர வேண்டிய நடு அகச்சிவப்புக் கருவியே இறுதியாகச் சேர்ந்தது. ஏப்ரல் 28 அன்று நாசா இப்பணி முடிவுற்றதாக அறிவித்தது.

விளைவும் பராமரிப்பும்

2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கோட்பாட்டளவிலான உச்சக் கூர்மையை எட்டுவதே வடிவமைப்பு இலக்கு, 1.1 மைக்ரோமீட்டரிலேயே அது எட்டப்பட்டது.

2022 மே இறுதியில் நுண்விண்கல் ஒன்று சி3 எனப்படும் துண்டைத் தாக்கிச் சிதைவை ஏற்படுத்தியது. அத்துண்டைச் சரிசெய்து பிழையின் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்ய முடிந்தது. அலைமுகப்பு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அளக்கப்பட்டு, தேவைப்படும்போது மட்டும் துண்டுகள் நகர்த்தப்படுகின்றன.