வார்சா வீதிகள்

1939 செப்டம்பர் இறுதியில் போலந்தின் தலைநகராகிய வார்சா நாஜிகளின் வசமாயிற்று. வீதியின் இரு முனைகளையும் படைவீரர் அடைப்பர். நடுவே அகப்பட்டோரை லாரிகளில் ஏற்றிச் செல்வர். சிலர் ஜெர்மனியில் கட்டாய வேலைக்கும், சிலர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கும் அனுப்பப்பட்டனர். 1943 அக்டோபர் முதல் பிணையாளரை நடுத்தெருவிலேயே நிறுத்திச் சுட்டனர். மாண்டோர் பெயர்களைச் சுவரொட்டிகளில் அறிவித்தனர். அவ்விடங்களில் மக்கள் மலர் வைத்து விளக்கேற்றினர்.

1944 பிப்ரவரி 1-ஆம் நாள், தலைமறைவுப் படையின் இளைஞர்கள் காவல் தலைவன் குட்செராவைப் பட்டப்பகலில் சுட்டு வீழ்த்தினர். மறுநாளே ஏறத்தாழ 300 பேர் பழிக்குப் பலியாயினர். அம்மாதத்திற்குள் தெருக்கொலைகள் ஓய்ந்தன. மறைவில் கொலைகள் தொடர்ந்தன.

ஒருவன் வீழ்ந்தால் பலர் மாள்வர் என்பதை அவ்விளைஞர்கள் அறியாதவரல்லர். அடங்கியிருந்தபோதும் வீதியில் குருதி பெருகிற்று என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலைக்கு ஒரு நகரத்தைத் தள்ளியதே கொடுங்கோன்மையின் பெருங்குற்றம்.