துரும்பும் வாய்தாவும்

"எங்க அம்மா காலத்துல துரும்பைக் கிள்ளிப் போட்டா முடிஞ்சுது. நீ என்னய்யா மூணு வருஷமா அலையுற?" என்றாள் அப்பத்தா. புதுக்கோட்டை கோர்ட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். கையில் அடுத்த வாய்தா தேதி எழுதின சீட்டு.

அவள் சொன்ன துரும்பு கட்டுக்கதை இல்லை. எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், கள்ளர் பகுதியில் அது இருக்கிறது. துரும்பு கொடுத்தால் விலக்கு, வாங்கிக்கொண்டால் சம்மதம். ஊர் பார்த்திருந்தால் போதும். எழுத்து, முத்திரை எதுவும் கிடையாது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. மறுவருஷமே மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. 1955ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோதும், 29ஆம் பிரிவு பழைய வழக்கப்படியான விலக்கை ஒழிக்கவில்லை. ஆனால் வழக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது அதைச் சொல்பவர்தான். துரும்பு அப்போதே கோர்ட் வாசலில் சாட்சி தேட ஆரம்பித்துவிட்டது. பரஸ்பர சம்மதத்தில் பிரிய வழி கிடைத்தது 1976ல்தான். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அது கட்டாயமில்லை, கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆனது.

இதெல்லாம் கணவன் மனைவி கணக்கு. பிள்ளைக்கு எந்தத் துரும்பைக் கிள்ளுவது?

என் வழக்கு முதலில் சறுக்கியது அங்கேதான். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். கல்யாணமும் சென்னையில்தான், அதனால் மகளைக் கேட்கும் மனுவையும் அங்கேயே போட்டார் என் வக்கீல். மனு திரும்பி வந்தது. 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டுமாம். மகள் புதுக்கோட்டையில் அவள் அம்மாவோடு இருந்தாள். ஏழு மாதம் போச்சு.

அந்த எரிச்சலில் தேடியபோதுதான் நாராயணய்யா வழக்கு கண்ணில் பட்டது. அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் வேலை பார்த்தவர். 1910ல் தன் இரண்டு பையன்களின் காப்பாளர் பொறுப்பை அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். மூத்தவன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. பிறகு பையன்களைத் திரும்பக் கேட்டார். அதற்குள் பெசன்ட் அவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோயிருந்தார். 1912ல் செங்கல்பட்டு மாவட்ட கோர்ட்டில் வழக்கு. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. அப்பாவுக்காக வாதாடியவர்களில் ஒருவர் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் தனக்குத்தானே வாதாடினார். 1913ல் அப்பா ஜெயித்தார், மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்.

1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் கவிழ்த்தது. எழுதிக் கொடுத்ததை அப்பா திரும்பப் பெறலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பையன்கள் செங்கல்பட்டு எல்லைக்குள் சாதாரணமாக வசிக்கவில்லை, அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை. இன்னொன்றும் சொன்னார்கள்: பையன்களின் விருப்பத்தை யாருமே கேட்கவில்லை.

என்னைத் திருப்பியனுப்பிய அதே இரண்டு வார்த்தைகள். நாராயணய்யாவுக்கு ஜெயித்த வழக்கே போயிற்று; எனக்கு ஏழு மாதம்தான். அவர் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு, ஆனால் முழு நியாயமும் அவர் பக்கம் என்று சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுக்கும்போது பையன்களிடம் அவரும்தான் கேட்டிருக்க மாட்டார். நான் சென்னையில் மனு போடும்போது மகளிடம் கேட்டேனா என்ன?

புதுக்கோட்டையில் கேட்டார்கள். விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் பார்க்கலாம் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. நீதிபதி அவளைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். ஒன்பது வயசு. நானும் அவள் அம்மாவும் வெளியே ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

கால் மணி நேரம் கழித்து வந்தாள். கையில் ஒரு சாக்லேட்.

"என்ன பாப்பா கேட்டாங்க?"

"அது எனக்கும் ஜட்ஜம்மாவுக்கும்," என்று சொல்லிவிட்டு, சாக்லேட்டை இரண்டாக உடைத்து எங்களுக்கு ஆளுக்குப் பாதி நீட்டினாள்.