பத்தாயிரம் பவுண்டு கைமாத்து

மார்ச் கணக்கு முடித்து, ஆடிட்டரையும் ரயிலேற்றி விட்டு இப்போதுதான் மூச்சு விடுகிறேன். தங்கமணி பிள்ளைகளோடு கும்பகோணம் போயிருக்கிறாள். நாக்பூர் வெயிலில் நான், ஏர்கூலர், பழைய டார்ட்ஸ் வீடியோக்கள். போன ஞாயிறு சாவி வாங்க வந்த எதிர்வீட்டுத் தஞ்சாவூர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், குடிகாரப் பசங்க அம்பு எறியறதைப் போய் உக்காந்து பாக்கறீங்க?" என்றார். அவருக்கு அப்போது பதில் சொல்லவில்லை. அதுதான் இந்தப் பதிவு.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2007-ல். புரொபேஷனரி ஆபீசராக இந்த ஊருக்கு வந்த புதிது. லாட்ஜுக்குக் கீழே ஒரு ப்ரௌசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். அங்கே தற்செயலாக மாட்டியது அந்த வருஷத்து உலகப் போட்டி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பில் டெய்லர், இன்னொரு பக்கம் முன்னாள் தபால்காரர் ரேமண்ட் வான் பார்னவெல்ட். ஆறுக்கு ஆறு செட், கடைசி செட்டும் இழுபறி, ஒரே ஒரு லெக்கில் முடிவு. தபால்காரர் ஜெயித்தார். வீடியோ நின்று நின்று ஓடியதால் ஆட்டத்துக்கு ஆன நேரத்தைவிட எனக்கு அதிக நேரம் ஆனது. முடிந்தபோது ராத்திரிச் சாப்பாட்டு மெஸ் மூடிவிட்டான்.

பி.காம். படித்தவனுக்கு இந்த ஆட்டம் பிடிக்காமல் போகாது. 501-ல் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. கடைசி அம்பு 'டபுள்' வளையத்தில் விழுந்து கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒரு புள்ளி கூடிப் போனாலும் அந்த முறை செல்லாது. நம்ம கேஷ் கவுண்டர் டேலி மாதிரி. போர்டில் 20-க்கு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 5. பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டு நூலிழை தவறினால் அபராத வட்டிதான். இதை 2.37 மீட்டர் தள்ளி நின்று, கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது, மனக்கணக்கில் செய்ய வேண்டும்.

குடிகாரன் ஆட்டம் என்ற பெயர் சும்மா வரவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் பப்களில் வளர்ந்த ஆட்டம். 1978-ல் முதல் உலகப் போட்டி நடந்ததே நாட்டிங்காம் நகரத்து ஒரு நைட் கிளப்பில். ஸ்பான்சர் சிகரெட் கம்பெனி. மேடையிலேயே பீர், புகை. வேல்ஸ்காரர் லெய்டன் ரீஸ் ஜெயித்தார். இதையெல்லாம் நடத்தியவர் ஒல்லி க்ராஃப்ட் என்பவர். 1973-ல் பிரிட்டிஷ் டார்ட்ஸ் ஆர்கனைசேஷன் (இனிமேல் பி.டி.ஓ.) ஆரம்பித்து, லண்டன் மஸ்வெல் ஹில்லில் தன் வீட்டிலிருந்தே நிர்வாகம் செய்தார். பப் ஆட்டத்தை டிவிக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது. பின்னால் அவரைத் திட்டியவர்களும் இதை மறுத்ததில்லை.

அந்தக் காலத்து ராஜா எரிக் பிரிஸ்டோ. லண்டன்காரர், வாய்க்கொழுப்பு அதிகம். 1980 முதல் 1986-க்குள் ஐந்து உலகப் பட்டம். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் தோற்ற 1983 இறுதி ஆட்டத்தைத்தான். எதிரே கீத் டெல்லர், 23 வயசு, தகுதிச் சுற்று வழியாக உள்ளே வந்த பையன். அவனுக்கு 138 பாக்கி. பிரிஸ்டோவுக்குக் கையில் ஒரு அம்பு, பாக்கி 50. நடுப்புள்ளியை அடித்தால் அந்த லெக் அவருடையது. அடிக்கவில்லை. 'இந்தப் பையன் எங்கே 138 எடுக்கப் போகிறான்' என்று 18 அடித்து, 32 வைத்துக்கொண்டு ஒதுங்கினார். பையன் வந்தான். டிரிபிள் 20, டிரிபிள் 18, டபுள் 12. முடிந்தது ஆட்டம். ஆளை எடைபோடுவதில் அப்படி ஒரு தப்புக் கணக்கு.

அதே மனுஷர் சில வருஷம் கழித்து இன்னொரு ஆளை எடைபோட்டார். பர்ஸ்லெமில் 'க்ராஃப்டி காக்னி' என்று பிரிஸ்டோவுக்கு ஒரு பப் இருந்தது. அங்கே ஆட வந்தவர் டெய்லர். செராமிக் கைப்பிடிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, வாரச் சம்பளம் 52 பவுண்டு, பெண்டாட்டி பிள்ளைகள் வேறு. வேலையை விடு, முழுநேரமாக ஆடு என்று சொல்லி, செலவுக்குப் பணமும் கொடுத்தார் பிரிஸ்டோ. ஏறக்குறைய பத்தாயிரம் பவுண்டு என்பார்கள். ஜாமீன் இல்லை, பத்திரம் இல்லை. நிபந்தனை ஒன்றுதான்: ஜெயித்துத் திருப்பிக் கொடு. ரெண்டாவது இடம் வந்தேன் என்று போன் செய்தால் பதில் பேசாமல் வைத்துவிடுவாராம். ரொம்பப் பரிவான மனுஷர் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே என் கதை கொஞ்சம் குறுக்கிடுகிறது. 2012-ல் விதர்பாவில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஒரு பையன் வெல்டிங் பட்டறை வைக்க ரெண்டு லட்சம் கேட்டு வந்தான். கை சுத்தமான வேலைக்காரன் என்று ஊரே சொன்னது. ஜாமீன் இல்லாமல் கொடுக்க அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் கிளையில் வாராக்கடன் ஏற்கனவே ஏறிக் கிடந்தது, மேலே இருந்து தினமும் போன். 'வருமான ஆதாரம் போதாது' என்று எழுதி ஃபைலை மூடினேன். ரூல்படி ஒரு தப்பும் கிடையாது. அவன் "டீக் ஹே சாப்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வாசல் ஷட்டரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். வெல்டு எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்திருப்பான் போல. டெய்லரின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1990 இறுதி ஆட்டம். டெய்லருக்கு அந்தத் தொடரின் ஆரம்பத்தில் பந்தயக்காரர்கள் கொடுத்த விலை 125-க்கு 1. எதிரே நிற்பது கடன் கொடுத்தவரேதான். 6-1 என்று கடன் வாங்கியவர் ஜெயித்தார். கடன் வசூலான விதம் அப்படி.

ஆனால் அந்த நேரம் ஆட்டமே படுத்துக் கிடந்தது. பீர் டம்ளரும் தொப்பையுமாக டார்ட்ஸைக் கிண்டல் பண்ணாத டிவி நகைச்சுவை இல்லை. எண்பதுகளின் கடைசியில் சேனல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பி.பி.சி.யில் வரும் உலகப் போட்டி ஒன்றுதான் மிச்சம். முழுநேரம் இதையே நம்பி இருந்தவர்களுக்கு அடுப்பெரிய வேண்டாமா? 1992 ஜனவரியில் முன்னணி ஆட்டக்காரர்கள் சேர்ந்து தனி அமைப்பு ஒன்று ஆரம்பித்தார்கள். டெய்லர், பிரிஸ்டோ, ஜான் லோ, ஜாக்கி வில்சன், அந்த டெல்லர் என்று 16 பேர். க்ராஃப்ட் இறங்கி வரவில்லை. 1993-ல் மோதல் முற்றி, பி.டி.ஓ. போட்டிகளில் அவர்களுக்குத் தடை வந்தது. கவுன்ட்டி ஆட்டம்கூடக் கிடையாது. ரெண்டு பேர் திரும்பிப் போனார்கள், 14 பேர் நின்றார்கள். போனவர்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆபீசர்ஸ் அசோசியேஷன் ஸ்டிரைக் அன்று யார் யாருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்பதைப் பார்த்தவன் நான்.

1994-ல் இவர்கள் பர்ஃப்ளீட்டில் உள்ள சர்க்கஸ் டேவர்னில் தனியாக ஒரு உலகப் போட்டி நடத்தினார்கள். டென்னிஸ் பிரீஸ்ட்லி டெய்லரை 6-1 என்று வென்றார். ஒரே ஆட்டத்துக்கு வருஷா வருஷம் ரெண்டு உலக சாம்பியன்! வழக்கு இழுத்து, 1997 ஜூனில் கோர்ட்டில் சமரசம். ஆட்டக்காரர்களுக்கு எங்கும் ஆடும் சுதந்திரம் கிடைத்தது. புது அமைப்பு தன் பெயரை ப்ரொபஷனல் டார்ட்ஸ் கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டது. 2001-ல் பாரி ஹெர்ன் தலைமைக்கு வந்தபிறகு பணமும் கூட்டமும் ஏறின. 2018 டிசம்பரில் நம்ம நிதின் குமார் அந்த உலக மேடையில் ஏறியபோது வீட்டில் நான் மட்டும்தான் கைதட்டினேன். 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக் முதல் பெண்ணாக அங்கே ஒரு ஆட்டம் ஜெயித்தபோது என் மகளும் சேர்ந்து தட்டினாள். 2025 ஜனவரியில் 17 வயசு லூக் லிட்லர் வாங்கிய பரிசு 5,00,000 பவுண்டு. இடையில் 2020-ல் பி.டி.ஓ. கடையைக் கட்டிவிட்டது. ஒரு சங்கதி சொல்லணும்: 2008-லிருந்து இந்தக் கூட்டமெல்லாம் கூடும் அலெக்சாண்ட்ரா பேலஸ், க்ராஃப்ட் பி.டி.ஓ.வை நடத்திய அதே மஸ்வெல் ஹில்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

டெய்லர் மொத்தம் 16 உலகப் பட்டம் வாங்கினார். பிரிஸ்டோவின் கடைசிக் காலம் அவ்வளவு நன்றாக இல்லை. 2016-ல், சின்ன வயதில் பயிற்சியாளர்களிடம் சீரழிந்த கால்பந்து வீரர்களைக் கேலி செய்து எழுதினார். டிவி நிறுவனம் கழற்றிவிட்டது. சரியாகத்தான் செய்தார்கள். அன்றைக்கு எனக்கும் ரொம்பக் கசந்தது. 2018 ஏப்ரல் 5, லிவர்பூலில் பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு வந்த இடத்தில் மாரடைப்பு, 60 வயசு. சேதி பரவியபோது உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அத்தனை கூட்டமும் அவர் பெயரைச் சொல்லிப் பாட ஆரம்பித்தது. அந்த வீடியோவைத்தான் எதிர்வீட்டுக்காரர் வந்தபோது பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வருகிறது. வர்றேன்.