பரிந்துரையால் வளர்ந்த இணையச் சித்திரக்கதை

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க நாளிதழ்களில் வந்த சித்திரத் தொடர்கள் பெரும்பாலும் சிண்டிகேட் எனப்படும் விநியோக நிறுவனங்களின் வழியாகவே வாசகரை அடைந்தன. ஓவியர்கள் அனுப்பும் மாதிரிகளில் மிகச் சிலவற்றை மட்டும் தேர்ந்து, அவற்றை நாடெங்கும் உள்ள இதழ்களுக்கு விற்பதே இந்நிறுவனங்களின் தொழிலாக இருந்ததால், எது படிக்கத்தக்கது என்ற முடிவு நாளிதழ் வாசகர் கைக்கு வருவதற்கு வெகு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இணையத்தில் வெளியிடுவதற்கென்றே வரையப்படும் வெப்காமிக், அதாவது இணையச் சித்திரக்கதை, 1990-களில் பரவியபோது இந்தச் சல்லடை இல்லாமற்போயிற்று. விரும்பிய எவரும் வரைந்து வெளியிடலாம் என்ற நிலை வந்ததே தவிர, வெளியிட்டது எங்கே இருக்கிறது என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொன்னாலன்றி அதைக் கண்டடைவது அரிதாக இருந்தது. ஆகவே இக்கலையின் வரலாறு ஓவியர்களின் வரலாறாக இருப்பதைப் போலவே, படித்ததைப் பிறருக்குப் பரிந்துரைத்தவர்களின் வரலாறாகவும் இருக்கிறது. அந்தப் பரிந்துரை வழக்கம் கதைகளின் வடிவத்தையே ஓரளவு தீர்மானித்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

டேவிட் ஃபார்லி வரைந்த 'டாக்டர் ஃபன்' 1993 செப்டம்பரில் வலைத்தளத்தில் வெளிவரத் தொடங்கியபோது, மொசைக் என்னும் உலாவியை உருவாக்கிய அமெரிக்க மீக்கணினி ஆய்வு மையம் அதைச் சிறப்பாகச் சுட்டிக்காட்டியது. தளங்களே அரிதாக இருந்த அக்காலத்தில் இத்தகைய ஒரு குறிப்பு போதுமானதாக இருந்தது. பீட் ஏப்ரம்ஸின் 'ஸ்லக்கி ஃப்ரீலான்ஸ்' 1997 ஆகஸ்டிலும், 'பென்னி ஆர்கேட்' 1998 நவம்பரிலும் தொடங்கி, அவற்றைத் தொடர்ந்து புதிய படைப்புகள் பெருகியபோது அது போதாமற்போயிற்று. அப்போது ஓவியர்களே ஒருவரையொருவர் பரிந்துரைக்கத் தொடங்கினர். தாம் விரும்பிப் படிக்கும் பிறர் தொடர்களுக்கான இணைப்புகளைத் தனிப்பக்கமாகத் தொகுத்து வைப்பது, ஓவியர் ஓய்வெடுக்கும் வாரங்களில் நண்பர்கள் அவருக்காக விருந்தினர் சித்திரங்கள் வரைந்து கொடுப்பது, ஒருவர் கதையின் பாத்திரம் மற்றவர் கதையில் சிறிது நேரம் வந்துபோவது என இவ்வழக்கம் பல வடிவங்களைப் பெற்றது. போட்டியாளர் என்று கருதத்தக்கவரிடம் தன் வாசகரைத் தானே அனுப்பிவைக்கும் இந்தப் பெருந்தன்மை, நாளிதழ் பக்கத்தின் அளவான இடத்துக்காக மோதிக்கொண்ட பழைய தொழிலில் காணக்கிடைக்காதது.

பரிந்துரையைக் கேட்டு வந்தவர் எங்கிருந்து தொடங்குவது என்பதே அடுத்து எழுந்த கேள்வி. நாளிதழ்த் தொடரின் நேற்றைய பகுதி பழைய தாளோடு போய்விடும். இணையத்திலோ முதல் நாளிலிருந்து வந்த அனைத்தும் அப்படியே கிடக்கும். சித்திரத்தின் கீழே 'முதல்', 'முந்தையது', 'அடுத்தது', 'இன்றையது' என்ற பொத்தான்கள் வழக்கமானது இதனால்தான். பழைய தொகுப்பு முழுவதையும் ஓரிரு நாட்களில் ஒரே மூச்சில் படித்துத் தீர்ப்பது வாசகரிடையே தனிப் பழக்கமாகவே வளர்ந்தது. ஆனால் 'ஸ்லக்கி ஃப்ரீலான்ஸ்' போலப் பல ஆண்டுகளாக நீண்டு, ஒன்றோடொன்று பின்னிய கதைகளைக் கொண்ட தொடரைப் புதியவருக்குக் கொடுப்பவர், ஆயிரக்கணக்கான பகுதிகளையும் சேர்த்தே கொடுக்கிறார். ஓவியரின் கை இன்னும் பழகாத தொடக்கப் பகுதிகளைப் பொறுத்துக்கொண்டு கடக்குமாறு கேட்டுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. ரயன் நார்த் 2003 பிப்ரவரியில் தொடங்கிய 'டைனோசர் காமிக்ஸ்' இச்சிக்கலை வேரிலேயே தவிர்த்தது. அதன் ஆறு கட்டங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை, உரையாடல் மட்டுமே ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்பதால், எந்த நாளின் சித்திரமும் புதியவருக்கு நுழைவாயிலாக அமைந்தது. ராண்டல் மன்ரோ 2005-இல் தொடங்கிய 'எக்ஸ்கேசிடி' இவ்வழியில் இன்னும் ஒருபடி சென்று, வணிக நோக்கமின்றி எவரும் பகிரலாம் என்ற உரிமத்தையும், ஒவ்வொரு சித்திரத்துக்கும் மாறாத முகவரியையும் அளித்தது. ஒரு முழுத் தொடரைப் பரிந்துரைப்பதற்குப் பதிலாக, பேச்சின் இடையில் பொருத்தமான ஒரே ஒரு சித்திரத்தை நீட்டுவது இவ்வாறு எளிதாயிற்று.

பரிந்துரைக்கு எதிராகச் செயல்பட்ட முயற்சிகளும் இருந்தன. ஜோயி மேன்லி 2002 மார்ச்சில் தொடங்கிய 'மாடர்ன் டேல்ஸ்' என்னும் தொகுப்புத் தளம் புதிய பகுதியை இலவசமாகவும் பழையவற்றை மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமாகவும் வைத்தது. ஓவியர்களுக்கு ஊதியம் வேண்டும் என்ற அதன் நோக்கம் நேர்மையானது. எனினும் நண்பர் சொல்லைக் கேட்டு வந்தவர் கதையின் நடுவில் நின்றுகொண்டு, தொடக்கத்தைப் பார்க்கக் காசு எடுக்க வேண்டியதாயிற்று. சித்திரக்கதைக் கோட்பாட்டாளர் ஸ்காட் மெக்ளவுட் ஆதரித்த 'பிட்பாஸ்' என்னும் சிறுதொகைக் கட்டண முறையும் 2003-இல் தொடங்கி 2007-இல் மூடப்பட்டது. இவற்றுக்கு மாறாக, நார்த் 2006-இல் அமைத்த 'ப்ராஜெக்ட் வொண்டர்ஃபுல்' விளம்பர இடங்களை நாள்கணக்கில் ஏலம் விட்டது. ஏலத்தொகை மிகச் சிறிதாகவும் இருக்கலாம் என்பதால் ஓர் ஓவியர் சொற்பச் செலவில் மற்றோர் ஓவியரின் பக்கத்தில் தம் தொடரை அறிமுகம் செய்ய முடிந்தது. பழைய இணைப்புப் பக்கத்தின் மனம் இந்தச் சந்தையிலும் ஓரளவு உயிரோடிருந்தது எனலாம். அந்த ஏலத் தளம் 2018-இல் மூடப்பட்டது.

இதற்கிடையே விருதுகளும் புதியவருக்கு வழிகாட்டின. ஓவியர்களே வாக்களித்துச் சக ஓவியர்களைத் தேர்ந்தெடுத்த 'வெப் கார்ட்டூனிஸ்ட்ஸ் சாய்ஸ்' விருதுகள் 2001 முதல் 2008 வரை வழங்கப்பட்டன. அச்சிதழாக இருந்து 2005-இல் இணையத்துக்கு இடம்மாறிய ஃபோலியோ தம்பதியரின் 'கேர்ள் ஜீனியஸ்' 2009-இல் ஹியூகோ விருதைப் பெற்றபோது, இணையச் சித்திரக்கதைகளை அறியாத அறிவியல் புனைகதை வாசகர்களின் பட்டியல்களிலும் இக்கலை இடம்பிடித்தது.

கொரியாவில் வளர்ச்சி வேறு பாதையில் சென்றது. அங்கு இணைய நிறுவனங்களான டாவும் 2003-இலும் நேவர் 2004-இலும் தம் பெருந்தளங்களுக்குள்ளேயே வெப்டூன் எனப்படும், மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் கதைகளை வெளியிட்டன. அவற்றைக் கிழமைவாரியாக அடுக்கி, எது அதிகம் படிக்கப்படுகிறது என்று தரவரிசையும் காட்டின. நேவரின் ஆங்கிலப் பதிப்பு 2014-இல் வந்தபின், தனித்தனித் தளங்களில் வளர்ந்த அமெரிக்க வாசகர்களும் இவ்வமைப்புக்குப் பழகினர். புதியவருக்கு இது வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தரவரிசை பலர் படித்ததைச் சொல்லுமே தவிர, இன்னாருக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கும் என்று சொல்வதில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவை, இணைப்புக்கு அருகில் ஓவியர் எழுதிவைத்த இரண்டு வரிகளே.

தனித்தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது அவ்வரிகளும் அழிகின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2018-இல் பொதுமக்களுக்குத் திறந்த இணையச் சித்திரக்கதைச் சேகரிப்பு இவ்வகையில் முக்கியமானது. விருது பெற்றவை, நெடுநாள் நீடித்தவை, தொடக்ககாலத்தைச் சேர்ந்தவை ஆகியவற்றோடு, பெண்கள், சிறுபான்மையினர் எனப் பெருவணிகச் சித்திரக்கதைகளில் போதிய இடம் பெறாதவர்களின் படைப்புகளுக்கும் அது தன் தேர்வில் முன்னுரிமை அளித்துள்ளது.