காத்திருக்க முடிந்தவர்கள்

ஸ்பெயின் தேசத்தின் வடபகுதியில், ஈப்ரோ நதிக்கரையில், ஆரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் ரயில் நிலையத்தைச் சுற்றி, நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதான மதுச்சாலைகள் பல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ரஃபேல் லோபஸ் தெ எரேதியா என்பவர் 1877இல் தொடங்கியது. அதன் நிலவறைக்குள் இறங்கினால் எங்கு பார்த்தாலும் ஒட்டடை. சோம்பேறித்தனத்தால் விட்ட ஒட்டடை அல்ல. வேண்டுமென்றே கலைக்காமல் விட்டது. புட்டியின் தக்கையை அரிக்க வரும் அந்துப்பூச்சிகளைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும் என்பது அந்த வீட்டாரின் கணக்கு. அங்கே உறங்கும் ஒயின் பத்து ஆண்டு, சில சமயம் இருபது ஆண்டு கழித்துத்தான் வெளியுலகத்தைப் பார்க்கும். அதுவரையில் சிலந்திக்கு நிரந்தர உத்தியோகம்தான்!

ரியோஹா என்னும் அந்தப் பிரதேசத்தின் சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் ருசியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ அதன் சரித்திரம்தான் அதிக ருசியாக இருக்கிறது. திராட்சை ரசத்தைப் பக்குவமாக முதுமையடையச் செய்யும் வித்தையைக் கற்றுக்கொள்ள அங்கே அதிக நாள் ஆகவில்லை. அந்த முதுமைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை காணத்தான் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரியோஹாவின் குடியானவர்கள் செய்த ஒயின் எளிமையானது. பழக் குலைகளைக் கல்தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். புளித்து அடங்கிய ரசத்தை ஆட்டுத்தோல் பைகளில் அடைத்துக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி அனுப்புவார்கள். தோலின் உட்புறம் பூசிய கீலின் வாடை ரசத்தில் ஏறும். கோடை வந்தால் சரக்கு கெட ஆரம்பிக்கும். ஆகவே, அடுத்த அறுவடைக்குள் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். தொட்டி காலியானால்தானே புதுப் பழத்தைக் கொட்டலாம்?

லபாஸ்திதா என்ற ஊரில் பிறந்த மனுவேல் கின்டானோ என்ற பாதிரியாருக்கு இது பொறுக்கவில்லை. 1780களில் அவர் பிரான்ஸின் போர்தோ நகரத்து முறைகளைக் கற்று வந்தார். காம்பை நீக்குவது, ரசத்தை ஓக் மரப் பீப்பாயில் வைப்பது, வண்டலைப் பிரித்து வேறு பீப்பாய்க்கு மாற்றுவது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஒயின் கெடவில்லை, கப்பலேறிக் கடல் கடந்தும் போயிற்று. ஆனால் ஊரார் எதிர்த்தார்கள். ஊரில் விளைந்த ஒயின் அனைத்தும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு குறுக்கே நின்றது. பீப்பாய்க்கும் வேலையாளுக்கும் செலவழித்தவருக்கு ஒரு விலை, மிதித்து விற்றவருக்கு ஒரு விலை என்பது கிடையாது. அந்த முயற்சி அவரோடு மங்கிப்போயிற்று.

ஊராரை அறிவிலிகள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய அரிசிக்கு விலை அதிகம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குக்கூடத் தெரியும். களத்துமேட்டிலேயே நெல்லை அளந்து போட்டுக் கடனைத் தீர்க்கிற குடியானவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த அதிக விலை அவன் கைக்கு வராது; அவனிடம் வாங்கிப் பூட்டிவைக்க வசதியுள்ளவன் கைக்கே போகும். லபாஸ்திதாவின் ஏழைகள் பீப்பாயைக் கண்டு பயப்படவில்லை; அதன் பின்னால் வரும் நாளைக் கண்டு பயந்தார்கள்.

அடுத்தபடி வந்தவர் ஒரு சிப்பாய். லூசியானோ தெ முரியேட்டா 1822இல் பெரு தேசத்து அரேகிப்பா நகரில் பிறந்தவர். ஸ்பெயினின் புகழ்பெற்ற தளபதி எஸ்பார்த்தேரோவுக்கு உதவியாளராக இருந்தவர். தளபதி அதிகாரத்தை இழந்து லண்டனுக்கு ஓடியபோது இவரும் கூடப் போனார். நல்ல போர்தோ ஒயினின் மதிப்பை அந்த வனவாசத்தில் அறிந்துகொண்டு, போர்தோவுக்கே சென்று தொழிலும் கற்றார். 1852இல், லொக்ரோன்யோ நகரில் தளபதியின் நிலவறையிலேயே தமது முதல் ஒயினைச் செய்தார். அதில் ஒரு பகுதி ஹவானாவுக்கும் ஒரு பகுதி மெக்ஸிகோவுக்கும் போயிற்று. மெக்ஸிகோ சரக்கைக் கடல் கொண்டது. ஹவானா சரக்கு நல்ல விலைக்குப் போயிற்று. பாதிச் சரக்கு மூழ்கியும் தலை நிமிர்ந்து நிற்க அவரால் முடிந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு தளபதி இருந்தார் அல்லவா?

1862இல் ஆலவா மாகாண நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செய்தது. போர்தோ வட்டாரத்து ஷத்தோ லனேசான் தோட்டத்தின் நிலவறை அதிகாரி ழான் பினோ என்பவரைச் சம்பளம் கொடுத்து வரவழைத்து, சாதாரணக் குடியானவர்களுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தது. ஒயினும் நன்றாகவே வந்தது. எனினும் 1868இல் திட்டம் முடிந்தபோது பெரும்பாலோர் பழைய தொட்டிக்கே திரும்பிவிட்டார்கள். வித்தையை இலவசமாகக் கற்றுக்கொண்டார்கள். பீப்பாய் இலவசமாக வரவில்லை. சரக்கு பீப்பாயில் கிடக்கும் ஆண்டுகளில் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதற்கு அந்தப் பிரஞ்சுக்காரரிடம் பதில் இல்லை. அவரை உடனே வேலைக்கு வைத்துக்கொண்டவர் ஒரு பிரபு: எல்சியேகோ ஊரின் மார்க்கேஸ் தெ ரிஸ்கால். 1895இல் போர்தோ கண்காட்சியிலேயே இந்தப் பிரபுவின் ஒயின் உயர்ந்த விருதைத் தட்டிக்கொண்டு போயிற்று. பிறகு போலிகள் பெருகவே, புட்டியைச் சுற்றிக் கம்பி வலை பின்னி அனுப்பினார்கள். வலையை அறுக்காமல் தக்கையை எடுக்க முடியாது.

இதற்கிடையில் ஒரு பூச்சி வேலை செய்துகொண்டிருந்தது. 1860களில் பிரான்ஸின் தென்பகுதியில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவர நூலறிஞரும் அவரது சகாக்களும் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூச்சிகள் வேரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. வட அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்ஸெரா அது. பிரான்ஸின் தோட்டங்கள் அழிய அழிய, அந்நாட்டு வியாபாரிகள் ஒயினைத் தேடி எல்லை தாண்டினார்கள். 1863இலேயே ஆரோவுக்கு ரயில் வந்திருந்தது. அங்கே வந்து இறங்கினார்கள். ஆரோவில் பணம் புரண்டது. 1890இல் ஸ்பெயினிலேயே முதன்முதலாகத் தெருவில் மின்விளக்கு எரிந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. 1892இல் பிரான்ஸ் சுங்கவரியை உயர்த்தியது; வாங்க வந்தவர்கள் குறைந்தார்கள். 1899இல் அந்தப் பூச்சி ரியோஹாவுக்கே வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள். வியாபாரிகள் போனாலும் பீப்பாய்ப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். ரியோஹாவில் அமெரிக்க ஓக் மரத்துக்கு வெகு நாளாக மவுசு. வெனிலா வாசனையும் லேசான தேங்காய் வாசனையும் அந்த மரம் தருகிற சீதனம். மரத்தின் வழியாகக் காற்று மிக மிக மெல்ல உள்ளே செல்கிறது. இளம் ஒயினில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்புச் சத்துக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, முரட்டுத்தனம் அடங்குகின்றன. சேர்ந்து கனத்தவற்றில் ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. பழைய சம்பிரதாயத்தை விடாத வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்து, கலங்கல் வரும் தறுவாயில் நிறுத்திவிடுகிறார்கள். கசடு தெளிய முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்ப்பதும் உண்டு.

ருசி பார்க்கிறவர் முதலில் கண்ணால்தான் குடிக்கிறார். கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு நேரே சாய்த்தால், இளம் ஒயினின் விளிம்பு ஊதாவாக இருக்கும்; வயதானதன் விளிம்பு செங்கல் நிறமாக இருக்கும். மூக்குக்குப் பழ வாசனை பின்தங்கி, புகையிலை, பதனிட்ட தோல், உலர்ந்த அத்தி என்று வேறு வாசனைகள் எழும். வாயில் துவர்ப்பு இருக்க வேண்டும். ஆனால் கடிக்கக் கூடாது. ஒன்றை மறக்கக் கூடாது: எல்லா ஒயினும் வயதானால் உயர்ந்துவிடாது. புளிப்பும் துவர்ப்பும் பழச் சாரமும் ஆரம்பத்திலேயே இல்லாத ஒயின் கிழமாகுமே தவிரப் பெரியதாகாது. ரியோஹாவின் முக்கியப் பழத்துக்குப் பெயர் தெம்பிரானியோ. சீக்கிரம் பழுப்பது என்று பொருள். சீக்கிரம் பழுக்கும் அதுதான் இத்தனை ஆண்டு காத்திருக்கிறது!

காலத்தைப் புட்டிக்கு வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆகவே 1920களிலிருந்து ரியோஹாவுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சபை இருக்கிறது. இன்றைய விதிப்படி சிவப்பு ஒயினில் 'கிரியான்ஸா' இரண்டு ஆண்டு வயது அடைய வேண்டும். அதில் ஓராண்டாவது பீப்பாயில் கழிய வேண்டும். 'ரெஸர்வா'வுக்கு மூன்று ஆண்டு. அதிலும் ஓராண்டு பீப்பாய். 'கிரான் ரெஸர்வா'வுக்கு ஐந்து ஆண்டு. இரண்டு பீப்பாயிலும் இரண்டு புட்டியிலும். புட்டியின் முதுகில் ஒட்டிய சிறு முத்திரை அதற்குச் சாட்சி. கின்டானோ பாதிரியார் கேட்ட வெவ்வேறு விலை இன்று சட்டமாகவே நிற்கிறது.

முத்திரை சொல்லாதது ஒன்று உண்டு. புட்டியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் வருஷம் அறுவடை வருஷம். அது வெயிலில் குனிந்து குலை அறுத்தவனின் வருஷம். அதற்குப் பின்னால் நிலவறையில் கழிந்த வருஷங்கள், காத்திருக்க முடிந்தவர்களுடையவை. ருசி பார்க்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறார்கள். விலை மட்டும் பின்னதற்கு அதிகமாக இருக்கிறது.